பெரிய அளவில் எடை குறைந்தபின் தொங்கும் தோலுக்கு அறுவை சிகிச்சை: குமரி மாவட்டத்தில் இதைப் புதிதாக யோசிப்பவர்களுக்கு

முப்பது, நாற்பது கிலோ எடையைக் குறைத்த ஒருவரை வடசேரியிலோ மார்த்தாண்டம் சந்தையிலோ பார்க்கும் தெரிந்தவர்கள், "என்ன மக்கா, சொகமில்லையா, இப்படி மெலிஞ்சு போயிட்ட?" என்று கேட்பார்கள். சட்டைக்கும் சேலைக்கும் உள்ளே இருக்கும் தொல்லை அவர்களுக்குத் தெரியாது. அடிவயிற்றிலிருந்து மடிந்து தொடைமேல் விழும் தோல், கையை உயர்த்தினால் ஊசலாடும் மேல்கைத் தோல், நடக்கும்போது உரசிப் புண்ணாகும் உள்தொடை, சரிந்துபோன மார்பு ஆகியவை எடை குறைந்த மகிழ்ச்சியைப் பாதியாக்கிவிடுகின்றன. எடை குறைப்பு அறுவையினாலோ, இப்போது பரவலாகிவரும் ஊசி மருந்துகளாலோ, உணவுக் கட்டுப்பாட்டாலோ மெலிந்து, மிஞ்சிய தோலை அறுவை மூலம் அகற்றலாமா என்று முதன்முதலாக யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த அறுவையின் வெற்றி அரங்கில் கழியும் சில மணி நேரத்தை மட்டும் பொறுத்ததன்று; அதற்கு முந்தைய மாதங்களில் நீங்கள் காட்டும் பொறுமையையும், பிந்தைய வாரங்களுக்கு வீட்டில் செய்து வைக்கும் ஏற்பாட்டையும் பொறுத்தது என்பதே நான் சொல்ல விரும்பும் முக்கியமான செய்தி.

தோல் ஏன் தானாகச் சுருங்குவதில்லை

தோல் விரிந்து மீள்வதற்குக் கொலாஜன், எலாஸ்டின் என்னும் இரு புரத இழைகளே காரணம். பல ஆண்டுகள் விரிந்தே இருந்த தோலில் இந்த இழைகள் மெலிந்தும் அறுந்தும் போயிருக்கும். உள்ளிருந்த கொழுப்பு கரைந்த பிறகும் அவை பழைய இறுக்கத்துக்குத் திரும்புவதில்லை. இருபது வயதுக்காரர்களுக்கு ஓரளவு சுருங்கும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கும், பல பிரசவங்களைக் கண்டவர்களுக்கும், புகைப்பழக்கம் உள்ளவர்களுக்கும் அந்த வாய்ப்பு குறைவு. உடற்பயிற்சி தசையை வளர்க்குமே தவிர மிகுந்துபோன தோலைக் குறைக்காது. களிம்புகளும் அப்படித்தான். நம் மாவட்டத்தில் உளுக்குக்கும் மூட்டுவலிக்கும் வர்ம ஆசானிடம் போய்த் தைலமிட்டு உழிந்துகொள்வது பலருக்கும் பழக்கம். தொங்கும் வயிற்றுத் தோலை எந்த உழிச்சலும் மேலேற்றாது என்பதை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள். தோலை இறுக்கும் கருவிகள் என்று விளம்பரப்படுத்தப்படுபவை இலேசான தளர்ச்சிக்கே ஓரளவு பயன்படும். மடிந்து தொங்கும் அளவுக்கு மிகுந்த தோலுக்கு அறுவை ஒன்றே வழி. அல்லது அந்தத் தோலோடு வசதியாக வாழப் பழகுவதும் ஒரு வழிதான். இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பவர்கள் எதையும் இழந்துவிடுவதில்லை.

முதலில் மடிப்பைக் கவனியுங்கள்

அறுவைக்குப் போனாலும் போகாவிட்டாலும், மடிப்புக்குள் இருக்கும் தோலை இன்றே பார்க்கத் தொடங்க வேண்டும். நம் ஊரில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்கின்றன. இடைப்பட்ட மாதங்களிலும் கடற்காற்றில் ஈரம் குறைவதில்லை. மடிப்புக்குள் வியர்வை தேங்கி, சிவந்து, அரித்து, சில நாளில் வெண்மையான ஊறல் தோன்றி வாடை வீசும். படுத்துக்கொண்டு மடிப்பைத் தூக்கிக் கைக்கண்ணாடியில் பார்த்தால்தான் உண்மை நிலை தெரியும். நின்றபடி பார்த்தால் கண்ணுக்கு எட்டாது. காலையும் மாலையும் இதமான சோப்பால் கழுவி, தேய்க்காமல் ஒற்றி உலர்த்தி, பழைய மெல்லிய பருத்தி வேட்டித் துணியை மடித்து உள்ளே வைத்து, ஈரமானதும் மாற்றுங்கள்.

அரிப்பு தீராவிட்டால் தோல் மருத்துவரைப் பாருங்கள். மருந்துக் கடையில் "படைக்கு ஒரு டியூப்" என்று கேட்டு வாங்கும் களிம்புகளில் பல, பூஞ்சைக்கொல்லி மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டையும் சேர்த்தவை. பூசியவுடன் அரிப்பு அடங்கும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, படை இன்னும் பரவும். மெலிந்துபோன அந்தத் தோலில்தான் பிறகு தையல் போட வேண்டியிருக்கும். மருத்துவரிடம் போகும் ஒவ்வொரு முறையும் சீட்டையும் ரசீதையும் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். புண் வந்த நாளன்று தேதி தெரியும்படி படமும் எடுத்து வையுங்கள். காப்பீட்டு நிறுவனத்திடம் பேச வேண்டி வந்தால் இந்தக் கோப்புதான் உங்களுக்காகப் பேசும்.

கூடவே ஒரு தாளில் உங்கள் தொல்லைகளை எழுதுங்கள். ரப்பர் தோட்டத்தில் சரிவேறும்போது தொடை உரசுகிறதா, குனிந்து வேலை செய்யும்போது வயிற்று மடிப்பு இடிக்கிறதா, முதுகு வலிக்கிறதா, துணி உடுத்துவதில் சங்கடமா, கணவன் மனைவிக்கிடையே கூச்சமா என்று எதையும் விடாமல் எழுதுங்கள். எந்த இடத்துத் தோல் உங்களை மிகவும் வாட்டுகிறது என்பது அந்தத் தாளிலிருந்தே தெரியவரும். அழகுக்காக இதைச் செய்துகொள்வதும் நியாயமான காரணமே. அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் உடைந்த உறவு சேர்ந்துவிடும், மனச்சோர்வு மறைந்துவிடும் என்ற நம்பிக்கையில் அறுவைக்குப் போகாதீர்கள். மனம் தளர்ந்திருந்தால் முதலில் மனநல மருத்துவரிடம் பேசுங்கள்.

எப்போது செய்யலாம்

எடை ஒரே நிலையில் நின்று குறைந்தது மூன்று முதல் ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும். எடை குறைப்பு அறுவை செய்துகொண்டவர்களுக்குப் பொதுவாக அந்த அறுவையிலிருந்து ஒன்று முதல் ஒன்றரை ஆண்டு கழிந்த பிறகே இந்த நிலை வரும். அவசரப்பட்டு இடையிலேயே செய்தால், பிறகு குறையும் எடையினால் தோல் மறுபடியும் தளர்ந்து, செலவும் தழும்பும் வீணாகும். மாதம் ஒரு முறை, அதே தராசில், காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்து எழுதி வாருங்கள். இரண்டு மூன்று கிலோவுக்குள் ஏறி இறங்கினால் நிலைத்துவிட்டது எனலாம். ஊசி மருந்தால் மெலிந்தவர்கள், அந்த மருந்தைத் தொடரப் போகிறீர்களா நிறுத்தப் போகிறீர்களா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். நிறுத்தினால் எடை ஏறுவது வழக்கம்.

உடல் நிறை குறியீட்டெண்ணும் முக்கியம். மீட்டரில் உள்ள உயரத்தை அதே உயரத்தால் பெருக்கி, வரும் எண்ணால் கிலோகிராமில் உள்ள எடையை வகுத்தால் அது கிடைக்கும். 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவருக்கு ஏறத்தாழ 77 கிலோவில் அந்த எண் 30 ஆகும். ஏறத்தாழ 90 கிலோவில் 35 ஆகும். 30-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருப்பவர்களுக்கே புண் நன்றாக ஆறும், வடிவமும் நன்றாக அமையும். 35-க்கு மேல் போனால் புண் பிரிதல், சீழ் பிடித்தல், ரத்தம் உறைதல் ஆகிய ஆபத்துகள் கூடுகின்றன. அப்போதும் வயிற்று மடிப்பு தொடையை மூடித் தொங்கிப் புண்ணாகிக்கொண்டே இருந்தால், மடிப்பை மட்டும் அகற்றும் சிறிய அறுவையை மருத்துவர் பரிந்துரைக்கக்கூடும்.

இன்னும் குழந்தை பெற விரும்பும் பெண்கள் வயிற்றுக்கான அறுவையைத் தள்ளிப்போடுவதே நல்லது. கர்ப்பத்தில் தோலும் தைத்து இறுக்கிய தசையும் மீண்டும் விரியும்.

என்னென்ன அறுவைகள்

புதியவர்கள் பெரிதும் குழம்புவது இங்கேதான். "டம்மி டக்" என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் குறிப்பிடுகிறார்கள். ஆனால் வயிற்றுக்கே மூன்று நான்கு வகை உண்டு. பன்னிகுலெக்டமி என்பது தொங்கும் மடிப்பை மட்டும் வெட்டி அகற்றுவது. தசையை இறுக்குவதில்லை, மேல்வயிறு பெரும்பாலும் அப்படியே இருக்கும். இது மருத்துவத் தேவைக்காகச் செய்யப்படுவது. அப்டமினோபிளாஸ்டி என்பது விலா எலும்பு வரை தோலைப் பிரித்துக் கீழிழுத்து, விலகிய வயிற்றுத் தசைகளைச் சேர்த்துத் தைத்து, தொப்புளுக்குப் புதிய இடத்தில் வாசல் அமைப்பது. இதில் தழும்பு ஒரு இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை, உள்ளாடைக்குள் மறையும்படி ஓடும். பெருமளவு எடை குறைந்தவர்களுக்கு மேலிருந்து கீழாக மட்டுமன்றிப் பக்கவாட்டிலும் தோல் மிகுந்திருப்பதால், நடுவயிற்றில் செங்குத்தாக இன்னொரு வெட்டும் தேவைப்படலாம். அப்போது தழும்பு தலைகீழான ஆங்கில 'T' எழுத்தின் வடிவில் அமையும். இடுப்பும் பின்புறமும் சரிந்தவர்களுக்கு இடுப்பைச் சுற்றி முழு வட்டமாக வெட்டும் "பாடி லிஃப்ட்" செய்யப்படுகிறது. மாற்றம் பெரிது, ஆபத்தும் ஆறும் காலமும் அதற்கேற்பப் பெரியவை.

மேல்கை அறுவையில் தழும்பு அக்குளிலிருந்து முழங்கை வரை உட்புறத்தில் நீளும். கையை உயர்த்தினால் தெரியும். கைத்தோலுக்கும் தழும்புக்கும் இடையே எது உங்களை அதிகம் சங்கடப்படுத்தும் என்பதைக் கண்ணாடி முன் நின்று நேர்மையாக யோசியுங்கள். என் கருத்தில், முழுக்கை ரவிக்கை அணிவதில் சலிப்பில்லாதவர்கள் இதைக் கடைசிக்கு வைக்கலாம். உள்தொடை அறுவையில் வெட்டு கவட்டை ஒட்டி வருவதால் வியர்வையும் அழுக்கும் பட்டுப் புண் பிரிவது மற்ற இடங்களைவிட அதிகம். கால் வீக்கமும் சில காலம் நீடிக்கும். சரிந்த மார்பை உயர்த்தும் அறுவை பெண்களுக்கு உண்டு. ஆண்களுக்குத் தளர்ந்த மார்புத் தோலையும் சுரப்பியையும் சேர்த்து அகற்றலாம்.

லைபோசக்‌ஷன் என்பது கொழுப்பை உறிஞ்சுவது, தோலைக் குறைப்பதன்று. வெறும் தோலாகத் தொங்கும் இடத்தில் அதை மட்டும் செய்தால் தொய்வு கூடும். வெட்டி அகற்றும் தோலின் எடை சில கிலோதான் இருக்கும் என்பதால், இவற்றுள் எதுவும் எடை குறைக்கும் வழியும் அன்று.

எல்லா இடத்தையும் ஒரே நாளில் செய்துவிட முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். மயக்க நேரம் நீள நீள ரத்த இழப்பும், கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் வாய்ப்பும் கூடும். எனவே பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று கட்டங்களாக, இடையில் குறைந்தது மூன்று மாதம் விட்டுச் செய்வதே பாதுகாப்பானது. "எல்லாம் ஒரே தடவை, ஒரே பேக்கேஜ்" என்று ஆசை காட்டும் இடத்தில் இன்னும் கவனமாக இருங்கள்.

ரத்தமும் சத்தும்

வெளித்தோற்றத்தில் நலமாகத் தெரிபவர்களுக்கும், எடை குறைப்பு அறுவை செய்திருந்தால், உள்ளே இரும்புச்சத்து, வைட்டமின் பி12, ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி, துத்தநாகம், புரதம் ஆகியவை குறைந்திருக்கும் வாய்ப்பு அதிகம். இவையின்றிப் புண் ஆறாது. இவற்றுக்கான பரிசோதனைகளை நாள் குறித்த பிறகு செய்தால் காலம் போதாது. இரண்டு மூன்று மாதம் முன்பே செய்ய வேண்டும். ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12 கிராமுக்கும் ஆண்களுக்கு 13 கிராமுக்கும் கீழ் இருந்தால் அது ரத்தசோகை. அதைச் சரிசெய்த பிறகே திட்டமிட்ட அறுவை. சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு மூன்று மாதச் சராசரி அளவான எச்பிஏ1சி 7 சதவீதத்தை ஒட்டி இருப்பதையே மருத்துவர்கள் விரும்புவார்கள்.

நாள்தோறும் 60 முதல் 100 கிராம் வரை புரதம் தேவைப்படும். உங்களுக்குரிய அளவை மருத்துவரோ உணவியல் நிபுணரோ சொல்வார். நம் தட்டில் மரச்சீனிக் கிழங்கு மிகுதியாகவும் மீன் துணைக்கும் இருப்பது வழக்கம். மரச்சீனியில் புரதம் மிகமிகக் குறைவு என்பதால் இந்த மாதங்களில் அந்த அளவைத் திருப்பிப் போடுங்கள். சாளை, அயிலை, நெத்திலி எதுவானாலும் சதை 100 கிராமில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் உண்டு. பொரிப்பதைவிட அவித்தோ குழம்பாகவோ சாப்பிடலாம். முட்டை ஒன்றில் 6 கிராம். மீன் உண்ணாதவர்கள் சிறுபயறு, கடலை, தயிர், பனீர், சோயா ஆகியவற்றைச் சேர்த்து அளவை எட்ட வேண்டும். கஞ்சியும் பயறும் உண்ணும் பழக்கம் உள்ளவர்கள் கஞ்சியைக் குறைத்துப் பயற்றைக் கூட்டினாலே பாதி வேலை முடிந்தது. இரும்புச்சத்து மாத்திரையைச் சாயாவுடன் விழுங்காதீர்கள். சாயா அதை உடலில் சேரவிடாது.

மருத்துவரைத் தேர்ந்தெடுத்தல்

இந்த அறுவையைச் செய்யத் தகுதியானவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச் அல்லது டி.என்.பி (இப்போதைய பெயர் டிஆர்.என்.பி) பட்டம் பெற்றவர். "காஸ்மெட்டிக் நிபுணர்" என்ற பலகை மட்டும் ஒரு தகுதியன்று. பெயரையும் பட்டத்தையும் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலின் பதிவேட்டில் சரிபார்க்கலாம்; கேரளத்தில் பணியாற்றுபவரானால் அம்மாநில மருத்துவ கவுன்சிலின் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். தொடக்க ஆலோசனைக்கு ஆசாரிபள்ளத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம். ரத்தப் பரிசோதனை, இதயம், நுரையீரல், சர்க்கரை ஆகியவற்றின் மதிப்பீட்டை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். அறுவைக்கு மாவட்ட எல்லையைத் தாண்ட வேண்டி வந்தால், விளவங்கோடு, கல்குளம் வட்டாரத்தாருக்குத் திருவனந்தபுரமும், தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டாரத்தாருக்குத் திருநெல்வேலியும் அருகில் உள்ளவை.

இங்கே என் கருத்தை அழுத்தமாகவே சொல்கிறேன். சென்னையிலோ கொச்சியிலோ பெயர்பெற்ற ஒருவரைத் தேடிப்போவதைவிட, தகுதியும் அனுபவமும் உள்ளவராக, புண் பிரிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய தொலைவில் உள்ளவரைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இந்த அறுவைகளில் சிறு சிக்கல்கள் வருவது அரிதன்று. நீர் கோத்துக்கொள்ளுதல், தையல் ஓரிடத்தில் விரிதல் போன்றவற்றுக்கு மறுபடி மறுபடி மருத்துவரைப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஆலோசனையின்போது கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். எடை குறைந்தவர்களுக்கு இந்த அறுவையை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், கத்தி பிடிப்பவர் நீங்களா உங்கள் உதவியாளரா, மயக்க மருத்துவர் யார், தீவிர சிகிச்சைப் பிரிவும் ரத்தமும் அதே கட்டடத்தில் உண்டா, இரவில் அழைத்தால் யார் எடுப்பார், மறு அறுவை தேவைப்பட்டால் செலவு யாருடையது என்பவற்றை வெளிப்படையாகக் கேளுங்கள். வெட்டு எங்கே ஓடும் என்பதைப் பேனாவால் உங்கள் உடலிலேயே வரைந்து காட்டச் சொல்லுங்கள். மருத்துவப் பதிவுக்காகப் படம் எடுப்பார்கள். அதை விளம்பரத்துக்குப் பயன்படுத்த நீங்கள் சம்மதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒப்புதல் படிவத்தில் அந்த வரி இருந்தால் அடித்துவிட்டுக் கையெழுத்திடலாம்.

முன்பு காது குத்திய இடத்திலோ, அம்மைத் தடுப்பூசி போட்ட இடத்திலோ தழும்பு புடைத்து வளர்ந்திருந்தால் அதைக் கட்டாயம் காட்டுங்கள். கெலாய்டு எனப்படும் அந்தத் தன்மை நம்மைப் போன்ற மாநிறத் தோலில் அதிகம் காணப்படுவது. அது இருந்தால் நீளமான வெட்டுகளை மருத்துவர் வேறு விதமாகத் திட்டமிடுவார், சில இடங்களை வேண்டாம் என்றும் சொல்லலாம்.

பணமும் காப்பீடும்

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொதுவான விலக்குகளின்படி, அழகுக்கான அறுவையும் பிளாஸ்டிக் அறுவையும் மருத்துவக் காப்பீட்டில் சேராது. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய சீரமைப்புக்கும், உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்கும் மருத்துவத் தேவைக்கும் மட்டும் விதிவிலக்கு உண்டு. பின்னதைச் சிகிச்சை தரும் மருத்துவர் சான்றளிக்க வேண்டும். மடிப்பில் திரும்பத் திரும்பப் புண் வந்ததற்கான சீட்டுகளைச் சேர்த்து வைக்கச் சொன்னது இதற்காகவே. அவை இருந்தாலும் நிறுவனம் மறுக்கலாம். எனவே அறுவைக்கு முன்பே எழுத்தில் முன்னனுமதி கேளுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே விசாரிக்க வேண்டும். மருத்துவச் சேவைக்கு உள்ள ஜி.எஸ்.டி விலக்கு அழகுக்கான பிளாஸ்டிக் அறுவைக்குப் பொருந்தாது என்பதால், சொல்லப்படும் தொகை வரி சேர்ந்ததா சேராததா என்று கேளுங்கள். மதிப்பீட்டுத் தாளில் மருத்துவர், மயக்க மருத்துவர், அரங்கு, அறை, மருந்து, அறுவைக்குப் பின் உடலை இறுக்கிப் பிடிக்க அணியும் இறுக்க உடை, பின்னர் நடக்கும் கட்டு மாற்றங்கள் ஆகியவை தனித்தனியே இருக்கட்டும். அதற்கு மேல் வேலைக்குப் போகாத வாரங்களின் வருமான இழப்பையும் நீங்களே சேர்த்துக் கூட்டுங்கள்.

முந்தைய ஒரு மாதம்

பீடி, சிகரெட், வெற்றிலையுடன் மெல்லும் புகையிலை, பொட்டலப் புகையிலை எதுவானாலும் அறுவைக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பு நிறுத்தி, பின்பும் நான்கு வாரம் தொடக்கூடாது. நிகோடின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்கும். நீளமாகப் பிரித்துத் தைத்த தோலின் ஓரம் ரத்தம் கிடைக்காமல் கறுத்து அழுகும். இதை மருத்துவரிடம் மறைப்பவர்கள் தங்களுக்கே தீங்கு செய்துகொள்கிறார்கள்.

நீங்கள் உட்கொள்ளும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். சித்த மருந்து, லேகியம், பூண்டு மாத்திரை, மீன் எண்ணெய் உட்பட. ஆஸ்பிரின் போன்றவை ரத்தக்கசிவைக் கூட்டும். ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளையும் நிறுத்தக்கூடாது. கருத்தடை மாத்திரை ரத்தம் உறைவதைக் கூட்டும் என்பதால் அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். எடை குறைக்கும் செமாகுளூடைடு, டிர்செபடைடு ஊசி போடுபவர்கள் மயக்க மருத்துவரிடம் தனியாகத் தெரிவியுங்கள். அவை இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால், பட்டினி இருந்தும் வயிற்றில் உணவு தங்கி, மயக்கத்தின்போது மூச்சுக்குழலில் ஏறக்கூடும். இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கும் கேஸ்ட்ரிக் பைபாஸ் என்னும் எடை குறைப்பு அறுவை செய்தவர்கள் இபுபுரூபன், டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகளை உண்ணக்கூடாது என்பதை ஒவ்வொரு மருத்துவரிடமும் செவிலியரிடமும் நீங்களே நினைவூட்டுங்கள்.

நாள் குறிப்பதில் நம் பருவத்தையும் பாருங்கள். இறுக்க உடையை இரவும் பகலும் அணிந்திருப்பது மீன மாதக் (பங்குனி) கோடையில் பெருந்துன்பம். வடகிழக்கு மழை ஓய்ந்த பின் வரும் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் ஓரளவு இதமானவை. வளைகுடாவிலிருந்து விடுப்பில் வருபவர்கள் ஒரு மாத விடுப்பில் இதை முடித்துத் திரும்பிவிடலாம் என்று கணக்கிட வேண்டாம். பெரிய அறுவைக்குப் பின் சில வாரங்களுக்குள் நீண்ட விமானப் பயணம் ரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டும். திரும்பிப் போன இடத்தில் புண் பிரிந்தால் பார்க்க ஆளும் இருக்காது.

வீட்டில் மேற்கத்திய வகைக் கழிப்பறை இல்லையென்றால் உயரமான கழிப்பறை நாற்காலி ஒன்றை வாடகைக்கு எடுங்கள். வயிற்றைத் தைத்த பின் குத்தவைக்க முடியாது. தரையில் பாய் விரித்துப் படுப்பவர்களுக்குக் கட்டில் வேண்டும். முதல் இரு வாரம் உடனிருந்து குளிப்பாட்டவும் கட்டு மாற்றவும் கூச்சமில்லாமல் உதவக்கூடிய ஒருவரை, அக்காளோ மதினியோ யாராயினும், முன்கூட்டியே பேசி வையுங்கள்.

அறுவையும் முதல் இரு வாரமும்

அறுவை நாளன்று உங்களை நிற்கவைத்துத் தோலில் கோடுகள் வரைவார்கள். கண் விழிக்கும்போது இடுப்பு மடங்கிய நிலையில், முழங்காலுக்கடியில் தலையணையுடன் படுத்திருப்பீர்கள். தையலில் இழுவை ஏற்படாமலிருக்க அந்த நிலை. அன்று மாலையோ மறுநாள் காலையோ எழுந்து நடக்கச் சொல்வார்கள். வலிக்கும், ஆனால் நடப்பதுதான் கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையாமல் காக்கும். முதுகை நிமிர்த்தாமல், கூனியபடியே ஏறத்தாழ ஒரு வாரம் நடக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க ஊசியும் சில நாள் தரப்படலாம்.

வயிற்றின் இருபுறமும் மெல்லிய குழாய்கள் வெளியே வந்து, அமுக்கினால் உறிஞ்சும் சிறு குடுவைகளில் முடியும். இவற்றை டிரெயின் என்பார்கள். தக்கலைப் பக்கம் என் உறவினர் ஒருவருக்கு இதைப் பார்த்துக்கொண்ட அவருடைய மகள், பள்ளி நோட்டு ஒன்றில் இடது, வலது என்று இரு பத்தி வரைந்து, காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்து மில்லிலிட்டரையும் நிறத்தையும் எழுதிவந்தாள். முதலில் ரத்தச் சிவப்பு, பிறகு மீன் கழுவிய நீர் போல, பிறகு வைக்கோல் மஞ்சள். குடுவையைக் காலி செய்ததும் நன்றாக அமுக்கி, காற்றை வெளியேற்றி, அமுக்கிய நிலையிலேயே மூடியை அடைக்க வேண்டும். அமுக்காமல் மூடினால் அது உறிஞ்சாது, நீர் உள்ளேயே தேங்கும். 24 மணி நேரத்தில் ஒரு குழாயில் 30 மில்லிக்குக் கீழ் வந்த பிறகே பெரும்பாலும் அகற்றுவார்கள். ஒரு வாரத்திலும் ஆகலாம், மூன்று வாரமும் ஆகலாம். அந்த நோட்டை மருத்துவரிடம் காட்டினால் முடிவெடுப்பது அவருக்கு எளிது. குழாயை இறுக்க உடையுடன் ஊக்கால் குத்தி வையுங்கள். தொங்கவிட்டால் கதவுக் கைப்பிடியில் மாட்டி இழுபடும்.

மருத்துவமனை வெளியூரில் என்றால், வெளியேறியவுடன் வீட்டுக்குப் புறப்படாமல், முதல் கட்டு மாற்றம் முடியும் வரை அருகிலேயே அறை எடுத்துத் தங்குங்கள். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் எழுபது கிலோமீட்டருக்குள்தான். ஆயினும் நெரிசலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் குலுங்கி உட்கார வேண்டியிருக்கும். திரும்பும்போது காரின் முன் இருக்கையைச் சாய்த்து, சீட் பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் இடையே சிறு தலையணை வைத்து, மணிக்கொரு முறை இறங்கி நடந்து வாருங்கள்.

காய்ச்சல், புண்ணைச் சுற்றிப் பரவும் சிவப்பும் சூடும், நாற்றமுள்ள நீர், ஒரு பக்கம் திடீரென வீங்குதல், குடுவை விரைவாகப் புதிய ரத்தத்தால் நிறைதல், தோல் கருநீலமாக மாறுதல் ஆகியவற்றுள் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவரை அழையுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் உடனே மருத்துவமனை. மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம் என்றால் 108-ஐ அழைத்து, அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்கு விரைய வேண்டும். அறுவை செய்த மருத்துவமனைக்கே போக வேண்டும் என்று வழியில் நேரத்தை இழக்காதீர்கள். அறுவைக் குறிப்பின் நகல் ஒன்று எப்போதும் கைப்பையில் இருக்கட்டும்.

பிந்தைய மாதங்கள்

இறுக்க உடை பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம். துவைத்து மாற்ற இரண்டு வாங்குங்கள். மழைநாளில் ஒன்று காய்வதற்கே ஒரு நாள் போகும். ஆறு வாரம் வரை நான்கைந்து கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது; தண்ணீர்க் குடமும், தூக்கச் சொல்லி அழும் குழந்தையும் இதில் அடக்கம். அமர்ந்து செய்யும் வேலைக்கு மூன்று நான்கு வாரத்தில் திரும்பலாம். ரப்பர் பால்வெட்டு, மீன்பிடிப்பு, கட்டட வேலை, குனிந்து நிமிரும் ஆலை வேலை ஆகியவற்றுக்கு இரண்டு மாதமாவது ஆகும். புண்மேல் தைலம், மஞ்சள், மூலிகைச் சாறு எதையும் பூசாதீர்கள். உழிச்சலும் மருத்துவர் அனுமதிக்கும் வரை வேண்டாம். அடிவயிற்றில் மரத்துப்போன உணர்வு பல மாதம் இருக்கும், சிறிதளவு நிலைத்தும் விடலாம்; ஆகவே வெந்நீர்ப் பை வைத்தால் சுடுவது தெரியாமல் கொப்பளித்துவிடும்.

தழும்பு முதல் சில மாதங்கள் சிவந்து, தடித்து, கறுத்து, கண்டவர் மனம் கலங்கும்படி இருக்கும். ஒன்று முதல் ஒன்றரை ஆண்டில்தான் வெளிறித் தட்டையாகும். புண் முழுமையாக மூடியபின் சிலிக்கான் ஜெல்லோ ஒட்டுத் தாளோ சில மாதம் தொடர்ந்து பயன்படுத்தலாம். கைத்தழும்பு வெயில் படாமல் மூடியிருக்க வேண்டும். அரிப்பும் புடைப்பும் கூடிக்கொண்டே போனால் காத்திராமல் காட்டுங்கள். தொடக்கத்திலேயே ஊசி போட்டால் அடங்கும் வாய்ப்பு உண்டு. முதல் ஆண்டில் சிறிதளவு தளர்ச்சி திரும்புவது இயல்பு, ஏனெனில் எஞ்சியிருப்பதும் அதே பழைய தோல்தான். ஓரத்தில் புடைத்து நிற்கும் மடிப்பு போன்ற சிறு திருத்தங்களை வீக்கம் முழுதும் வடிந்து ஆறு மாதமாவது கழிந்த பிறகே மருத்துவர் செய்வார். அடுத்த கட்ட அறுவைக்கு நாள் கேட்பதற்கு முன் ஹீமோகுளோபினையும் புரத அளவையும் மறுபடி பரிசோதித்து, எடைக் குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.